ஓபல் தூங்கும் சீட்டுக்கு அடியில்

ரகசியமாக ஒரு வேலையைச் செய்துவிட்டு, அதை ஒருவரிடமும் சொல்ல முடியாமல் தவிக்கிற மனிதனோடு குடித்தனம் நடத்திப் பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் புரியும். போன செப்டம்பர் மாதம் முழுக்க எனக்கு அதுதான் வாய்த்தது. என் கணவன் ஓரின், எங்கள் பிக்கப் வண்டியின் பின் சீட்டுக்கு அடியில் ஓர் இரும்புப் பெட்டி செய்தான். என் துப்பாக்கியை உள்ளே வைத்துப் பூட்டுவதற்கு.

அதுவரை எங்கள் பக்கத்தில் எல்லார் துப்பாக்கியும் இருக்கிற இடத்தில்தான் என்னுடையதும் இருந்தது. பின் கண்ணாடிக்குக் குறுக்கே இரண்டு கொக்கி, அதில் துப்பாக்கி, ஊரே பார்க்கலாம். ஆகஸ்டில், ஐம்பது மைல் தள்ளிப் பண்ணை வைத்திருக்கிற எங்கள் சினேகிதன் ஹால்வர் ஸ்கோகன் பல் பிடுங்கிக்கொள்ள நகரத்துக்குப் போனான். திரும்பி வந்து பார்த்தால் வண்டிக் கண்ணாடி உடைந்து கிடக்கிறது, துப்பாக்கி இல்லை. ஒரே நாளில் இரண்டைப் பிடுங்கிவிட்டார்கள், ஒன்றுக்குத்தான் மரத்துப்போகிற ஊசி போட்டார்கள் என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தான்.

அதைக் கேட்ட அன்றே ஓரின் கொக்கிகளைக் கழற்றினான். பட்டறைக்குள் போனவன் ஒன்பது நாள் கழித்துத்தான் முழுதாக வெளியே வந்தான். பெட்டியைத் தரையோடு பிணைக்கிற திருகுகள் உள்பக்கம் இருந்தன. பெட்டியைத் திறக்காமல் அவற்றைக் கழற்ற முடியாது. உள்ளே பழைய கம்பளி ஒட்டியிருந்தான். மூடிக்கு வண்டித் தரையின் நிறத்திலேயே விரிப்பு. பனிக்காலத்தில் சக்கரத்தில் மாட்டுகிற இரும்புச் சங்கிலிகளையும், பேட்டரிக்கு மின்சாரம் கொடுக்கிற கம்பிகளையும் அந்த விரிப்பின் மேல் அலட்சியமாகப் போட்டதுபோல் போட்டு வைத்தான். அப்படி அலட்சியமாகப் போடுவதற்கு அவனுக்கு அரை நாள் ஆனது. எல்லாவற்றுக்கும் மேல் பின் சீட்டின் அடிப்பாகம், ஒரே பலகையாக. அதைத் தூக்கினால்தான் எதுவும் தெரியும். தோட்டாக்கள் தனியாக முன்பக்கத்து இழுப்பறையில். சாவி அவன் கழுத்துக் கயிற்றில்.

வண்டியின் பின்னால் நான் ஒட்டியிருந்த எல்க் மான் ஸ்டிக்கரையும் சுரண்டி எடுத்துவிட்டான். ஏன் என்று கேட்டேன்.

"அது என்ன சொல்லுது தெரியுமா? உள்ள துப்பாக்கி இருக்கு, வந்து எடுத்துக்கோன்னு சொல்லுது."

"அப்ப என்ன ஒட்டலாம்?"

"பின்னல் வேலை சம்பந்தமா ஏதாவது ஒட்டு."

ஊரில் ஒருவரிடமும் சொல்லக் கூடாது என்று எனக்குக் கட்டளை. அவனோ காபிக் கடையில் உட்கார்ந்து, இந்தக் காலத்தில் துப்பாக்கியை எப்படி வைத்துக்கொள்கிறீர்கள் என்று வருகிறவன் போகிறவனையெல்லாம் கேட்பான். நீ எப்படி வைத்திருக்கிறாய் என்று யாராவது திருப்பிக் கேட்டால் மேலே கூரையைப் பார்ப்பான். வீட்டுக்கு வந்து, அந்தப் பெட்டியைப் பற்றி என்னிடம் மறுபடி முதலிலிருந்து சொல்வான்.

அந்த வருஷம்தான் எனக்குச் சீட்டு விழுந்தது. எங்கள் மலைப் பகுதியில் ஆண் எல்க் மானைச் சுட அனுமதி கிடைப்பது குலுக்கலில்தான். வருஷா வருஷம் வசந்தத்தில் விண்ணப்பம் போட வேண்டும், ஜூனில் இல்லை என்று பதில் வரும். பதினேழு வருஷம் இல்லை வந்தது. பதினெட்டாவது வருஷம் வந்த காகிதத்தை ஓரின் மூன்று முறை வாசித்தான், நான் அவனைவிட இரண்டு முறை கூட. எனக்கு அறுபத்தெட்டு வயது. இன்னொரு பதினேழு வருஷக் கணக்கைப் போட்டுப் பார்க்க நான் விரும்பவில்லை.

ஐந்து வாரம்தான் சீசன். நான்கரை வாரம் மலை மலையாக ஏறி இறங்கினோம். பெண் மான்களைப் பார்த்தேன். ஆண் மான்களின் பின்புறத்தைப் பார்த்தேன். ஒரே ஒரு நல்ல ஆண், அனுமதி இல்லாத வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னை அரைமணி நேரம் ரசித்தது. நவம்பர் கடைசியில் வருகிற நன்றி நாள் விருந்துக்கு முந்தின புதன்கிழமை துப்பாக்கியைத் துடைத்து, பெட்டியில் வைத்து, ஓரின் பூட்டினான். அந்த வாரக் கடைசி ஞாயிறு, சூரியன் மறைந்து அரைமணி நேரத்தோடு சீசன் முடிகிறது.

அந்தப் புதன்கிழமைதான் கெல்சியும் வந்து சேர்ந்தாள். ஓரினின் அக்கா மகள். அவள் புருஷன் வடக்கு டகோட்டாவில் எண்ணெய்க் கிணற்று வேலை. இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் வீட்டில். ஐந்து மாதக் குழந்தை ஓபலைக் கூட்டிக்கொண்டு விருந்துக்கு வரும் வழியில், அவள் காரின் முன்னால் ஒரு மான் பாய்ந்தது. மான் எழுந்து போய்விட்டது, கார் எழவில்லை. ஓரின் போய் இருவரையும் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு வந்தான்.

ஓபல் பார்ப்பதற்கு வெண்ணெய்க் கட்டி. தூங்கத்தான் மாட்டாள். முதல் இரவு கெல்சி தோளில் போட்டு நடந்தாள், இரண்டாம் இரவு நான், மூன்றாம் இரவு ஓரின். நான்காம் இரவு மூவரும் முறை வைத்து நடந்தோம். ஞாயிறு காலை கெல்சி தன் வான்கோழி சாண்ட்விச்சின் மேல் காபியை ஊற்றி, அதைச் சாப்பிட்டும் முடித்தாள். நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம், தடுக்க யாருக்கும் தெம்பு இல்லை.

அன்று மூன்று மணிக்கு அவர்களை அறுபது மைல் தள்ளியிருந்த அவர்கள் வீட்டில் கொண்டுவிடக் கிளம்பினோம். குழந்தைச் சீட்டை ஓரின் பின் சீட்டின் நடுவில் வைத்து, அதன்மேல் முழங்காலை ஊன்றி, மூச்சைப் பிடித்துப் பட்டையை இழுத்துக் கட்டினான். இனி இதை அசைக்க எருது வேண்டும் என்றான். நானும் பக்கத்தில் நின்று ஆட்டிப் பார்த்துத் தலையாட்டினேன். அந்தச் சீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் உலகத்தில் நாங்கள் இரண்டே பேர். இரண்டு பேருக்கும் அந்த நேரத்தில் அது ஞாபகம் வரவில்லை.

ஆரஞ்சு வேட்டைச் சட்டையை மட்டும் நான் போட்டுக்கொண்டேன். சீசன் முடிவதற்கு முன் அதைக் கழற்றுவது தோற்றுவிட்டேன் என்று கையெழுத்துப் போடுவதுபோல் இருந்தது. அனுமதிச் சீட்டும் அதன் பையிலேயே இருந்தது.

தார் ரோடு முடிந்து சரளை ரோடு தொடங்கியதும் வண்டி லேசாக அதிர ஆரம்பித்தது. ஓபலின் அழுகை கீழே இறங்கி, முனகலாகி, நின்றது. பின்னாலிருந்து கெல்சியின் குரல் வந்தது. அவ்வளவு மெல்லிய குரலை நான் சர்ச்சில்கூடக் கேட்டதில்லை.

"தூங்கிட்டா. யாரும் மூச்சு விடாதீங்க."

விடவில்லை. நாலேகால் மணி சுமாருக்கு ஹால்வரின் பண்ணை மேட்டில் ஏறி இறங்கினோம். கீழே வயலில் அவன் அடுக்கி வைத்திருந்த புல் உருளைகளைச் சுற்றி எட்டுப் பெண் எல்க்குகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால், வெள்ளைப் பனிக்கு நடுவே கழுத்திலிருந்து மார்பு வரை கறுப்பாக, தலையில் ஒரு மரத்தையே சுமந்துகொண்டு அது நின்றது.

ஓரின் பிரேக்கை மிதிக்காமல் வண்டியைத் தானாக ஓட விட்டு நிறுத்தினான். என்ஜினை அணைக்கவில்லை.

"ஆர்டி" என்று என்னை மெதுவாகக் கூப்பிட்டான்.

"பாத்துட்டேன்."

"கொம்புல எத்தன கிளை?"

"இந்தப் பக்கம் ஆறு." கண்ணாடி வழியே கண்ணைச் சுருக்கினேன். "அந்தப் பக்கமும் ஆறு."

"எறங்கு. துப்பாக்கிய எடு."

நான் கதவில் கை வைத்தேன். கை அங்கேயே நின்றது. ஓரினைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். இருவரும் மெதுவாகப் பின்னால் திரும்பினோம்.

ஓபல் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

என்ன என்று கெல்சி கேட்டாள். ஒன்றுமில்லை கண்ணு என்றேன். அவள் ஜன்னல் வழியே மானைப் பார்த்தாள், என் சட்டையைப் பார்த்தாள், அப்புறம் தன் மாமனைப் பார்த்தாள்.

"மாமா, துப்பாக்கி எங்க?"

மூன்று மாதமாக அதைச் சொல்லத் துடித்த மனிதன், இப்போது வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். வெளியே தெரியாத இடத்தில் இருக்கிறது என்றான்.

"அதான் எந்த எடம்?"

"ஓபல் ஒக்காந்திருக்கிற எடம்."

கெல்சி கேட்ட கேள்விகளைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாலு நாள் சரியாகத் தூங்காதவள் கேட்ட கேள்விகள் அவை. தோட்டா உள்ளே இருக்கிறதா? இல்லை. எங்கே? முன்னால். பூட்டியிருக்கிறதா? ஆமாம். சாவி? ஓரின் கழுத்துக் கயிற்றை இழுத்துக் காட்டினான். அவள் சீட்டை ஒருமுறை குனிந்து பார்த்தாள்.

"நல்ல எடம்தான். என் பொண்ணத் தாண்டி எந்தத் திருடனும் எடுக்க முடியாது."

நான்தான் வேண்டாம் என்றேன். மனதாரத்தான் சொன்னேன், ஆனால் என் கண் வயலில்தான் இருந்தது. குழந்தை தூங்கட்டும், இந்த மான் இல்லாவிட்டால் என்ன, கோழி வாங்கிக்கொள்ளலாம் என்று ஏதேதோ பேசினேன். ஒவ்வொரு ஜூனிலும் குலுக்கல் முடிவு தெரிகிற நாளில் எனக்கு முதலில் போன் செய்கிறவள் கெல்சி. எட்டு வயதிலிருந்து செய்கிறாள்.

"அத்த, நீங்க பதினேழு வருஷம் காத்திருந்தீங்க. எடுங்க. ஆனா அவ முழிச்சிட்டா, எங்க வீட்டுக்கு வந்து காலைல வரைக்கும் நீங்கதான் தோள்ல போட்டுக்கிட்டு நடக்கணும்."

சரி என்றேன். சூரியன் நாலு முப்பத்து மூன்றுக்கு மறைகிறது. ஐந்து மூன்று வரை சுடலாம். மணி நாலு இருபது.

எங்கள் பக்கத்தில் நடு ரோட்டில் வண்டி நின்றால் பின்னால் வருகிறவன் நிறுத்தாமல் போக மாட்டான். அன்று வந்தவன் ஹால்வரே. டிராக்டரோடு வாழ்ந்து காது பாதி போனவன். அவன் சாதாரணமாகப் பேசினாலே மாடுகள் திரும்பிப் பார்க்கும். ஓரின் கீழே குதித்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, ரயிலை மறிக்கிறவன்போல் அவன் வண்டியை நோக்கி ஓடினான். என்ன சொன்னானோ, ஹால்வர் இறங்கி நுனிக்காலில் நடந்து வந்தான். அந்த உருவம் நுனிக்காலில் நடந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வயலில் சுடலாமா என்று கேட்டேன். அது மூன்று வாரமாகத் தன் புல்லைத் தின்கிறது, வேண்டுமானால் உப்பும் போட்டு நிறுத்தி வைக்கிறேன் என்றான். தன் புதுத் துப்பாக்கியையும் எடுத்துக்கொள்ளச் சொன்னான். அது வலதுகைக்காரர்கள் துப்பாக்கி, நான் இடதுகை. அதோடு, ஒரு தடவைகூடச் சுட்டுப் பார்க்காத துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போய் ஓர் உயிரை அரைகுறையாகக் காயப்படுத்த என் மனம் ஒப்பாது. அவனும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

"சரி, கொழந்தைய எறக்குவோம்" என்றான்.

வருஷத்துக்கு இருநூறு கன்றுகளைத் தாய் வயிற்றிலிருந்து இழுத்து எடுக்கிற கைகள் அவனுடையவை. பின்கதவைத் திறந்து, உள்ளே சரிந்து, பட்டையைத் தொட்டுப் பார்த்தான். ஓரின் கட்டிய கட்டு. சீட்டை அழுத்தினால்தான் கொக்கி விடும், அழுத்தினால் குழந்தை அசையும். ஹால்வர் தன் முழங்கையைச் சீட்டின் ஓரத்தில் வைத்து, ஓபல் மூச்சை உள்ளே இழுக்கும்போது காத்திருந்து, வெளியே விடும்போது கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினான். தாய்ப் பசு முக்கும்போது மட்டும்தான் இழுக்க வேண்டும், அதே கணக்குதான் என்று கெல்சியின் காதில் விளக்கினான். அவளுக்கு அந்த உவமை பிடித்ததாகத் தெரியவில்லை.

கொக்கி விட்டது. டக் என்று ஒரு சத்தம். நால்வரும் கல்லாய் நின்றோம். ஓபல் உதட்டைச் சப்பினாள், ஒரு பெருமூச்சு விட்டாள், மறுபடி தூங்கினாள்.

சீட்டோடு சேர்த்து அவளை வெளியே எடுத்தார்கள். ஹால்வர் ஒரு பக்கம், ஓரின் ஒரு பக்கம். காற்று ஊசியாகக் குத்தியது. என் கோட்டைக் கழற்றி அவள் மேல் கூடாரமாகப் பிடித்தேன். சாமியைச் சப்பரத்தில் வைத்துத் தூக்குகிறவர்கள்கூட அப்படிப் பயபக்தியோடு நின்றிருக்க மாட்டார்கள். என்ஜின் ஓடுகிற வண்டியோடு சீட்டை ஒட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள், அந்த அதிர்வு போய்விட்டால் முழித்துக்கொள்வாள் என்றாள் கெல்சி. ஒட்டிப் பிடித்தார்கள்.

அந்த நேரத்தில்தான் வேட்டை அதிகாரி ட்ரூடி வந்தாள்.

அவள் இடத்தில் இருந்து பாருங்கள். சீசனின் கடைசி நாள், கடைசி வெளிச்சம். நடு ரோட்டில் என்ஜின் ஓடுகிற வண்டி, வயலில் மான், ஆரஞ்சுச் சட்டை போட்டவளோடு சேர்த்து நாலு பேர் பின்கதவில் குனிந்து எதையோ மறைக்கிறார்கள். வண்டிக்குள்ளிருந்தே ரோட்டில் சுடுகிற திருட்டு வேட்டைக்காரர்களைப் பிடிக்கத்தான் அவளுக்குச் சம்பளம். கதவைப் படாரென்று அடைத்துக்கொண்டு இறங்கினாள். நாங்கள் நால்வரும் ஒரே சமயத்தில் திரும்பி உதட்டில் விரலை வைத்தோம். ஓரினுக்கும் ஹால்வருக்கும் கை ஒழியவில்லை, அவர்கள் உதட்டை மட்டும் குவித்தார்கள்.

ட்ரூடி பாதி அடியில் நின்றாள். கோட்டைத் தூக்கிப் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் அதிகாரி முகமாக இருக்க மிகவும் சிரமப்பட்டது.

"அனுமதிச் சீட்டு இருக்கா?" என்று காற்றைவிட மெதுவாகக் கேட்டாள்.

காட்டினேன். நிலத்துக்காரர் சம்மதம்? ஹால்வர் தலையாட்டினான். துப்பாக்கி எங்கே? கெல்சி பின் சீட்டைக் காட்டினாள். அங்கே ஒன்றும் இல்லையே என்றாள் ட்ரூடி. ஓரினின் முகத்தில் அப்போது வந்த பெருமையை நான் எங்கள் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை. அவன் பிடித்திருந்த பக்கத்தை ட்ரூடியின் கையில் கொடுத்துவிட்டு ஓடி வந்தான்.

பலகையைத் தூக்கினோம். அடியில் சங்கிலிகள். நாலு சக்கரத்துக்கும் உரிய, கனமான, ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த இரும்புச் சங்கிலிகள்.

"இதுக்கு மேல போட ஒரு போர்வ கெடைக்கலியா மாமா?" என்றாள் கெல்சி.

"போர்வ போட்டா எதையோ மூடி வெச்சிருக்கோம்னு தெரிஞ்சிடும்."

ஒவ்வொரு கண்ணியாக எடுத்தோம். நான் ஒரு கண்ணியைத் தூக்க, கெல்சி அடுத்ததைத் தாங்க, ஓரின் மூன்றாவதைத் தன் தொப்பிக்குள் இறக்கி வைத்தான். சங்கிலியைப் பாம்பு பிடிக்கிற மாதிரி பிடித்து, தன் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டான். இரண்டாவது சங்கிலி கெல்சியின் கழுத்தில். எனக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி மூக்கில் முட்டியது. கண்ணை மூடிக்கொண்டேன். மூடினால் இன்னும் மோசம், அந்தச் சங்கிலியோடு ஓரின் நிற்பது உள்ளுக்குள் தெரிந்தது.

மணி நாலு நாற்பத்திரண்டுக்குப் பூட்டு திறந்தது. கம்பளிக்குள் என் துப்பாக்கி குழந்தையைப்போலவே தூங்கிக்கொண்டிருந்தது. எடுத்தேன், தோட்டா அறை காலி என்று பார்த்தேன், முன்பக்கத்திலிருந்து நாலு தோட்டாவைச் சட்டைப் பையில் போட்டேன். மான்கள் இன்னும் அங்கேயே. காற்று எங்கள் பக்கம் வீசியது. எல்லாம் சரியாக இருந்தது.

நான் வேலியை நோக்கி இரண்டடி வைத்திருப்பேன். ஓபலின் ஒரு பக்கத்தைப் பிடித்திருந்த ட்ரூடி மெதுவாகக் கேட்டாள்:

"ஒரு சந்தேகம். சுட்டா சத்தம் வராதா?"

அரைமணி நேரமாக நாங்கள் கொக்கியின் டக் சத்தத்துக்கும் சங்கிலியின் கிணுகிணு சத்தத்துக்கும் உயிரைக் கொடுத்துக்கொண்டிருந்தோம். இந்தப் பள்ளத்தாக்கில் ஒருவர் சுட்டால் மூன்று பண்ணை தள்ளி நாய் குரைக்கும்.

முதலில் சிரித்தவள் கெல்சி. சத்தமில்லாமல், வாயைப் பொத்திக்கொண்டு, கழுத்தில் சங்கிலியோடு பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது, கண்ணில் நீர் வழிந்தது. ஹால்வர் சிரிப்பை அடக்கியதில் அவன் முகம் பீட்ரூட் ஆனது, அவன் கையிலிருந்த சீட்டும் சேர்ந்து ஆடியது. அந்த ஆட்டம் ஓபலுக்கு இன்னும் இதமாக இருந்தது போலும், கன்னத்தைத் திருப்பி இன்னும் ஆழமாகத் தூங்கிப்போனாள். நான் துப்பாக்கியை வேலிக் கம்பத்தில் சாய்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அறுபத்தெட்டு வயதில் சத்தமில்லாமல் சிரிப்பது எலும்புக்கு நல்லதல்ல.

சிரிக்காதவன் ஓரின் மட்டும். அவன் முன்னால் தெரிந்த அடுத்த மேட்டையும் ரோட்டையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் ஓட்டிக்கிட்டுப் போறேன்" என்றான்.

குழந்தையை மறுபடி கட்டி, இரண்டு மைல் போய் அந்த மேட்டைத் தாண்டிவிட்டால் சத்தம் கேட்காது என்றான். கெல்சி ஓட்டலாமே, நீ இரு என்றேன். சாண்ட்விச்சில் காபி ஊற்றியவள் கையில் ஸ்டியரிங்கைக் கொடுக்க முடியாது என்றான். ஹால்வர் ஓட்டட்டுமே என்றேன். அந்தக் குழந்தை என் அக்கா பேத்தி, என் வண்டி, நான் கட்டின கட்டு என்றான். குரலில் ஒன்றும் இல்லை. ஆனால் பதினேழு வருஷமும் அந்த விண்ணப்பத்தைத் தபாலில் போட்டவன் அவன். ஐந்து வாரமும் என் பின்னால் தண்ணீரையும் ரொட்டியையும் சுமந்து ஏறியவன். என்னுடைய மானை நான் சுடுவதை அவன் பார்க்க வேண்டும் என்று நானும் நினைத்திருந்தேன்.

"நீ இல்லாம எப்படி?" என்றேன்.

"காத்து எந்தப் பக்கம்?"

"நம்ம பக்கம்."

"பின்ன என்ன. அவசரப்படாத. சிவப்பு வெளக்கு மேட்டத் தாண்டின பெறகு சுடு."

சீட்டைத் திரும்ப வைத்துக் கட்ட ஐந்து நிமிஷம் ஆனது. இந்த முறை முழங்காலை ஊன்றியவன் ஹால்வர், மூச்சுக் கணக்கோடு. ட்ரூடி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, ஐந்து மூன்றுக்கு ஒரு நிமிஷம் தாண்டினாலும் குழந்தை தொட்டில் ஆட்டிய கையாலேயே அபராதச் சீட்டு எழுதுவேன் என்று என் காதில் சொன்னாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, எனக்கு அது பிடித்திருந்தது.

வண்டி நகர்ந்தது. நான் வேலியைக் குனிந்து தாண்டி, வாய்க்கால் பள்ளத்தில் இறங்கி, ரோட்டை விட்டு நன்றாக உள்ளே தள்ளி, ஒரு புல் உருளையின் பின்னால் வயிற்றில் படுத்தேன். பனி சட்டைக்குள் புகுந்தது. கோட்டு வண்டியோடு போய்விட்டது. ஒரு தோட்டாவை உள்ளே தள்ளினேன்.

மான்கள் தலையைத் தூக்கின. வண்டியின் சத்தம் அவற்றுக்குப் பழக்கம்தான், ஆனால் பெரிய பெண் மான் ஒன்று கிழக்கே நடக்கத் தொடங்கியது. அதன் பின்னால் இன்னொன்று. ஆண் மான் கடைசிக் கவளத்தை மென்றுகொண்டு நின்றது. நான் ஒரு கண்ணில் அதையும் மறு கண்ணில் மேட்டையும் பார்த்தேன். சிவப்பு விளக்கு ஊர்ந்தது. ஓரின் சரளை ரோட்டில் குழந்தைக்காக எவ்வளவு மெதுவாக ஓட்ட முடியுமோ அவ்வளவு மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தான். போய்த் தொலையேன் மனுஷா என்று பல்லைக் கடித்தேன். ஐந்து பெண் மான்கள் போய்விட்டன. ஆறு. ஆண் மான் திரும்பியது.

விளக்கு மேட்டில் ஏறியது, ஒரு நொடி நின்றதுபோல் இருந்தது, மறைந்தது. இருபதுவரை எண்ணினேன், பதினைந்துக்கு மேல் எண்ணியதாக ஞாபகம் இல்லை. மான் பக்கவாட்டில் நின்று, யாரையோ கேட்கிறதுபோல் தலையைத் திருப்பியது. சுட்டேன்.

அது முப்பது அடி நடந்தது. முன்னங்காலை மடித்தது. படுத்தது. எழவில்லை.

ட்ரூடி நாலு ஐம்பத்தெட்டு என்று சத்தமாகச் சொன்னாள். அரைமணி நேரத்துக்குப் பிறகு ஒரு மனிதக் குரலை முழு அளவில் கேட்பது என்னமோ போல் இருந்தது. அப்புறம் ஹால்வர் தன் தொண்டையைத் திறந்தான். அவன் கத்தியதில் மிச்சமிருந்த பெண் மான்கள் பக்கத்து மாவட்டத்துக்கே போயிருக்கும். நான் அதன் பக்கத்தில் போய் மண்டியிட்டேன். கழுத்தில் கை வைத்தேன், சூடாக இருந்தது. கொம்பைத் தொட்டுக் கிளைகளை எண்ணினேன், ஆறும் ஆறும். நன்றி என்று அதனிடம் சொன்னேன். விதிப்படி அனுமதிச் சீட்டில் அன்றைய தேதியைக் கத்தியால் வெட்டிக் குறித்து, கொம்பில் கட்டினேன். முடிச்சு மூன்றாம் தடவைதான் விழுந்தது. குளிர் என்று ட்ரூடியிடம் சொன்னேன்.

ஹால்வர் டிராக்டர் கொண்டுவரப் போனான். மேட்டின் மேல்தான் போன் வேலை செய்யும். ட்ரூடி தன் கோட்டை என் மேல் போட்டு, மேடு வரை தன் வண்டியில் கூட்டிப்போனாள். ஓரின் முதல் மணியிலேயே எடுத்தான்.

"மெதுவாப் பேசு" என்றான். "ரெண்டு பேரும் தூங்கறாங்க. கெல்சி வாயத் தெறந்துக்கிட்டு."

"எங்க இருக்க?"

"தெரியல. வேகத்தக் கொறச்சா ஓபல் நெளியறா. அதனால போய்க்கிட்டே இருக்கேன். கெல்சி வீட்டத் தாண்டிப் பத்து மைல் வந்துட்டேன்."

"திரும்பி வர மாட்டியா?"

"பெட்ரோல் முக்கால் டேங்க் இருக்கு. அது தீர்ற வரைக்கும் ரெண்டு பேரும் தூங்கட்டும்." அப்புறம் கேட்டான், "விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

அந்தப் பக்கத்திலிருந்து மூக்கை உறிஞ்சிய சத்தம் கேட்டது. கீழே வயலில் ஹால்வரின் டிராக்டர் விளக்கு வளைந்து வளைந்து வந்துகொண்டிருந்தது.

"வேலியத் தாண்டினதுலேர்ந்து சொல்லு" என்றான் ஓரின். "ஒண்ணையும் விட்டுடாத. எனக்கு எங்கயும் நிறுத்த வேண்டியதில்ல."

சொல்ல ஆரம்பித்தேன்.